வெரோனாவில் சிரிக்கும் சிறுவன்: வாசகர் கேள்வி – பதில்

குழந்தைகளுக்கு வரும் அரிய நோய்களைப் பற்றி, அதாவது பெயர் கண்டுபிடிக்கவே பெற்றோரை ஆண்டுக்கணக்கில் அலைய வைக்கும் நோய்களைப் பற்றி, இரண்டு இதழ்களுக்கு முன் இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், ஓவியம், குறும்படம், வில்லுப்பாட்டு என்று கலையின் வழியாக இந்தச் செய்தியை ஊருக்குக் கொண்டுசெல்வது பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இந்த இதழை அந்தக் கேள்விகளுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களில் பெற்றோரும் இருப்பதால் யார் பெயரையும் குறிப்பிடாமல் ஊரை மட்டும் தந்திருக்கிறேன்.

கேள்வி: நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். பிப்ரவரி மாதத்தின் கடைசி நாளை உலக அரிய நோய் நாளாகக் கொண்டாடுகிறார்கள் என்று உங்கள் பகுதியில் படித்து, அன்று மாணவர்களின் ஓவியங்களைக் கண்காட்சியாக வைக்க அனுமதி கேட்டேன். “மரபணுவில் வரும் நோய்க்கு ஓவியம் என்ன செய்யும் சார்?” என்று தலைமையாசிரியர் கேட்கிறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?
– ஓவிய ஆசிரியர், சாத்தூர்

பதில்: வெரோனாவில் உள்ள ஓர் ஓவியத்தின் கதையை அவருக்குச் சொல்லுங்கள். இத்தாலியின் அந்த நகரத்தில் காஸ்தெல்வெக்கியோ என்ற பழைய கோட்டை இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜொவான்னி பிரான்செஸ்கோ கரோத்தோ என்ற ஓவியர் வரைந்த ஒரு சிறுவனின் உருவப்படம் அங்கே இருக்கிறது. உங்கள் மாணவர்கள் வரையும் சார்ட் அட்டையில் கால் பங்கு அளவே இருக்கும் சிறிய படம் அது. கறுத்த பின்னணியில், பச்சை உடை அணிந்து, தோளில் புரளும் செம்பட்டை முடியோடு அந்தச் சிறுவன் பல் தெரியச் சிரிக்கிறான். அவன் கையில் ஒரு தாள் இருக்கிறது. அதில் பெரிய தலையும் குச்சி போன்ற கைகால்களும் கொண்ட ஒரு மனித உருவம், நம் வீட்டுப் பிள்ளைகள் கரித்துண்டால் சுவரில் கிறுக்கி வைப்பார்களே, அதே போல வரையப்பட்டிருக்கிறது. “நான் வரைந்ததைப் பாருங்கள்” என்று நம்மிடம் காட்டுகிறவன் போல அவன் அந்தத் தாளைப் பிடித்திருக்கிறான்.

1960-களில் இங்கிலாந்தின் வாரிங்டன் நகரில் குழந்தை மருத்துவராக இருந்த ஹாரி ஏஞ்சல்மன், விடுமுறைக்கு இத்தாலி சென்றபோது இந்தப் படத்தின் முன் நின்றார். அதற்கு முன்பே அவருடைய வார்டில் வெவ்வேறு சமயங்களில் மூன்று குழந்தைகள் சேர்க்கப்பட்டிருந்தார்கள். மூவருக்கும் பேச்சு வரவில்லை, வலிப்பு வந்தது, நடக்கும்போது கைகால்கள் வெட்டி வெட்டி அசைந்தன, காரணம் தெரியாமல் அடிக்கடி சிரித்தார்கள். முதல் பார்வைக்கு வேறு வேறு நோய்கள் போலத் தோன்றினாலும் மூவருக்கும் அடிப்படை ஒன்றுதான் என்று அவருக்குப் பட்டது. ஆனால் அன்றைக்கு இருந்த பரிசோதனைகளைக் கொண்டு அதை நிரூபிக்க வழியில்லாததால், மருத்துவ இதழுக்கு எழுதத் தயங்கிக்கொண்டே இருந்தார். அந்தச் சிறுவனின் சிரிப்பும் கையிலிருந்த பொம்மை போன்ற உருவமும் தம் மூன்று நோயாளிகளை ஒன்றாகச் சேர்த்து நினைக்க வைத்தன என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். இன்று ஏஞ்சல்மன் சிண்ட்ரோம் என்று அழைக்கப்படும் அந்த நோயைப் பற்றிய கட்டுரை 1965-இல் வெளிவந்தது. படத்தில் இருந்த சிறுவனுக்கு இந்த நோய் இருந்தது என்று அவர் சொல்லவில்லை. நாமும் அப்படிச் சொல்லக் கூடாது.

அந்தக் கட்டுரை பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. 1980-களில்தான் மற்ற மருத்துவர்கள் அதைத் திரும்ப எடுத்துப் படித்தார்கள். 1987-இல் இந்தக் குழந்தைகளின் 15-ஆம் குரோமோசோமில் ஒரு சிறு பகுதி இல்லை என்பது தெரிந்தது. 1997-இல் யு.பி.இ.3.ஏ. என்ற மரபணுவே காரணம் என்று உறுதியானது. தாயிடமிருந்து வரும் பிரதி மட்டுமே மூளை நரம்பணுக்களில் வேலை செய்யும் விசித்திரமான மரபணு அது. அந்தப் பிரதி இல்லாமல் போனாலோ பழுதுபட்டாலோ, தந்தையின் பிரதி நன்றாக இருந்தும் பயனில்லை. ஏறக்குறைய 12,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு இது வருகிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வோர் ஆண்டும் நாற்பதிலிருந்து எழுபத்தைந்து குழந்தைகள் இந்த நோயோடு பிறக்க வேண்டும். அவர்களில் எத்தனை பேரின் மருத்துவச் சீட்டில் ‘பெருமூளை வாதம்’ என்றோ ‘ஆட்டிசம்’ என்றோ எழுதிக் கோப்பை மூடியிருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரிய நோய்கள் கணக்கில் இருக்கின்றன. அவற்றில் பத்தில் ஏழு, குழந்தைப் பருவத்தில் மட்டுமே தலைகாட்டுபவை. ஒரு சிற்றூர் மருத்துவர் அவற்றில் பெரும்பாலானவற்றைத் தம் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார். அது அவருடைய குற்றம் இல்லை. பார்க்காததை அடையாளம் காண முடியாது, அவ்வளவுதான். பார்க்க வைப்பது உங்கள் தொழில் அல்லவா? தலைமையாசிரியரிடம் அதைச் சொல்லுங்கள்.

கண்காட்சிக்கு முப்பது நோய்களை எடுக்காதீர்கள், இரண்டு மூன்று போதும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று வைத்தால் பிள்ளைகள் கண்ணீரையும் சங்கிலியையும் மெழுகுவர்த்தியையும் வரையத் தொடங்கிவிடுவார்கள், ஆகவே அதைத் தவிர்த்துவிடுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் நோயின் பெயரையும், வீட்டில் கவனிக்கக்கூடிய அடையாளங்களையும், உங்கள் மாவட்டத் தலைமையகத்தில் இருக்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்தின் முகவரியையும் எழுதிவையுங்கள். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் பரிசோதிக்க வரும் மருத்துவக் குழு, சந்தேகத்துக்குரிய பிள்ளைகளை அனுப்புவது அங்கேதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2015 நவம்பரில் காஸ்தெல்வெக்கியோவில் கொள்ளையர் புகுந்து பதினேழு ஓவியங்களைத் தூக்கிச் சென்றார்கள். அவற்றில் இந்தச் சிறுவனும் ஒருவன். அடுத்த ஆண்டு மே மாதம் உக்ரைன் நாட்டில் ஓவியங்கள் மீட்கப்பட்டு, ஆண்டு முடிவதற்குள் வெரோனாவுக்குத் திரும்பின. காணாமல் போன பிள்ளை வீடு திரும்பிய செய்தியைக் கேட்டது போலவே அன்று எனக்கு இருந்தது.

கேள்வி: உடலெல்லாம் கொப்புளம் வரும் ஒரு நோயுள்ள பிள்ளைகளைப் ‘பட்டாம்பூச்சிக் குழந்தைகள்’ என்று அழைப்பதாகப் படித்தேன். சுவரொட்டிகளிலும் பட்டாம்பூச்சிச் சிறகோடுதான் வரைகிறார்கள். வேதனையை இப்படி அழகாக்கிக் காட்டுவது சரியா?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் குறிப்பிடுவது எபிடெர்மோலைசிஸ் புல்லோசா. தோலின் அடுக்குகளை ஒன்றோடொன்று பிணைத்து வைக்கும் புரதங்களில் குறை இருப்பதால், சட்டையின் தையல் உரசினாலே தோல் உரிந்துவிடும். இதற்காகவே சட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுவிடும் தாய்மார்கள் இருக்கிறார்கள். காயக்கட்டை மாற்றும் நாளில் ஒட்டிக்கொண்ட துணியை நீர் ஊற்றி ஊற வைத்து மெல்ல மெல்லப் பிரிக்க வேண்டும். மணிக்கணக்கில் ஆகும். 1978-இல் இங்கிலாந்தில் ஒரு தாய் தொடங்கிய டெப்ரா என்ற அமைப்பு இன்று பல நாடுகளில் இந்தக் குழந்தைகளுக்காக இயங்குகிறது. சிறகைத் தொட்டால் தூள் உதிர்ந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும் ஆதலால், ‘தொடும்போது கவனம்’ என்ற செய்தியைப் பட்டாம்பூச்சி ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது. அந்த அளவில் அது நல்ல உவமைதான். ஆனால் காயக்கட்டு நாளை முற்றிலும் மறைத்துவிட்டுச் சிறகை மட்டும் வரைந்தால், பார்ப்பவர் ரசித்துவிட்டுப் போய்விடுவார், பஞ்சு வாங்கப் பணம் தர மாட்டார்.

உவமை புண்படுத்தவும் கூடும். ஏஞ்சல்மன் தம் 1965-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு வைத்த தலைப்பு ‘பொம்மலாட்டப் பொம்மைக் குழந்தைகள்’ என்ற பொருள் தருவது. அது எல்லாப் பெற்றோருக்கும் பிடிக்கவில்லை என்பதை அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். என் பிள்ளையை யாரோ கயிறு கட்டி ஆட்டுகிறார்கள் என்றால் எந்தத் தாய் பொறுப்பாள்? 1982-இல் வேறு இரு மருத்துவர்கள் அந்தப் பெயரை விட்டுவிட்டு ‘ஏஞ்சல்மன் சிண்ட்ரோம்’ என்று அழைக்கலாம் என்று எழுதினார்கள். அதுவே நிலைத்தது.

இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு மத்ரித் நகரின் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1680-இல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் கார்லோஸின் அரசவைக்கு யூஹேனியா மார்த்தினெஸ் வயேஹோ என்ற ஆறு வயதுச் சிறுமியைக் கொண்டுவந்தார்கள். வயதுக்கு மீறிப் பருத்த உடல் என்பதுதான் அவளை வரவழைத்த காரணம். அரசவை ஓவியர் ஹுவான் கரென்யோ தெ மிராந்தா அவளை இரண்டு முறை வரைந்தார். ஒன்றில் அவளுக்குச் சிவந்த பட்டாடை அணிவித்துக் கையில் ஆப்பிளைக் கொடுத்திருக்கிறார்கள். மற்றொன்றில் திராட்சைக் கொடியோடு மதுக் கடவுளாக ஆடையின்றி நிறுத்தியிருக்கிறார்கள். ‘அரக்கி’ என்ற பெயரோடுதான் அந்தப் படங்கள் நூற்றாண்டுகளாக அறியப்பட்டன. அவளுக்கு பிராடர்–வில்லி சிண்ட்ரோம் இருந்திருக்கலாம் என்று இன்றைய மருத்துவர்கள் பலர் ஊகிக்கிறார்கள். எவ்வளவு உண்டாலும் பசி அடங்காத நோய் அது. அதற்குக் காரணமான குறையும் ஏஞ்சல்மன் சிண்ட்ரோமுக்கு உரிய அதே 15-ஆம் குரோமோசோமின் அதே பகுதியில்தான் இருக்கிறது. தாய் வழிப் பகுதி இல்லாவிட்டால் ஏஞ்சல்மன், தந்தை வழிப் பகுதி இல்லாவிட்டால் பிராடர்–வில்லி.

இரண்டு படங்களையும் மனத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெரோனாவின் சிறுவன் தான் வரைந்ததை நமக்குக் காட்டுகிறான். மத்ரித்தின் சிறுமி, பிறர் தன் கையில் திணித்ததைப் பிடித்துக்கொண்டு முகம் கடுத்து நிற்கிறாள். ஒரு சுவரொட்டி சரியா தவறா என்று உங்களுக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம், அதில் இருக்கும் குழந்தை இந்த இருவரில் யாரைப் போல நிற்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. எம்.பி.எஸ். (மியூக்கோபாலிசாக்கரிடோசிஸ், அதாவது சில சர்க்கரைப் பொருள்கள் சிதையாமல் உடலில் தேங்கும் பரம்பரை நோய்) என்று சொல்லியிருக்கிறார்கள். முகத்திலேயே நோய் தெரியும். ஓவியர்கள் குழு ஒன்று அவன் முகத்தை வரைந்து கண்காட்சியில் வைக்க அனுமதி கேட்கிறது. கணவர் சரி என்கிறார். மாமியாரோ, “நாலு பேர் கண்ணு பட்டா நல்லதா? நாளைக்கு இவன் தங்கச்சிக்கு ஒரு இடம் பார்க்க வேண்டாமா?” என்று அழுகிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: சகோதரி, உங்கள் மாமியாரின் பயத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம் ஊரில் ஒரு வீட்டுப் பிள்ளையின் நோய் அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணப் பேச்சில் வந்து நிற்கும் என்பது அவர் கண்ணால் கண்ட உண்மை. படம் வைத்தாலும் வைக்காவிட்டாலும் உங்கள் மகளுக்கு உரிய வயதில் மரபணு ஆலோசனை தேவைப்படும். எம்.பி.எஸ். நோயில் பல வகைகள் உண்டு, பரம்பரையில் தொடரும் முறையும் வகைக்கு வகை மாறும். உங்கள் மகனுக்கு எந்த வகை என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிக்கும் அதை ஒருநாள் உட்கார வைத்து விளக்கச் சொல்லுங்கள்.

இனி ஓவியத்துக்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விழிப்புணர்வு முகாமுக்கு வெளியே பெரிய ஃப்ளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். அதில் ஒரு சிறுவனின் படம், கண்களுக்கு மேல் கறுப்புப் பட்டை. மருத்துவக் கோப்பில் இருந்த புகைப்படத்தை எடுத்து யாரிடமும் கேட்காமல் அச்சடித்துவிட்டார்கள். நான் பார்த்துவந்த பிள்ளைதான் அவன். அவனுடைய தாய் பேனரின் கீழே நின்று, “கண்ணை மறைச்சுட்டா அது என் புள்ளை இல்லைன்னு ஆயிடுமா டாக்டர்? அந்தச் சட்டையை நான்தானே தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தேன்” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பேனரை அன்றைக்கே இறக்க வைத்தேன். அந்தக் கேள்வி மட்டும் இறங்கவில்லை.

மருத்துவப் பாடநூல்கள் நெடுங்காலமாகக் குழந்தைகளை இப்படித்தான் காட்டிவந்தன. சுவரோரம், அரைகுறை ஆடையில், கண்ணில் கறுப்புப் பட்டையோடு. நியூயார்க்கில் ஃபேஷன் புகைப்படக் கலைஞராக இருந்த ரிக் கைடோட்டி, பேருந்து நிறுத்தத்தில் அல்பினிசம் (தோலிலும் முடியிலும் நிறமி குறைந்த பிறவி நிலை) உள்ள ஒரு பெண்ணைப் பார்த்து வியந்து, அந்த நிலை பற்றி அறியப் பாடநூல்களைப் புரட்டியபோது அவருக்குக் கிடைத்தவை இத்தகைய படங்களே. அவர் 1998-இல் ‘பாசிட்டிவ் எக்ஸ்போஷர்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். மரபணு வேறுபாடுகள் உள்ள குழந்தைகளை, அவர்கள் சிரிக்கும்போதும் ஆடும்போதும் எடுத்த படங்களை மருத்துவ மாணவர்களிடம் கொண்டுசேர்த்தார். அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் தொடங்கிய ‘பியாண்ட் தி டயக்னோசிஸ்’ என்ற ஓவியக் கண்காட்சியும் இதே வழியில் நடப்பது. ஓவியர்கள் ஊதியம் வாங்காமல் அரிய நோயுள்ள பிள்ளைகளின் முகங்களை வரைகிறார்கள். 2015-இல் பிரவுன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் முதலில் வைக்கப்பட்ட அந்தப் படங்கள் பிறகு பல மருத்துவக் கல்லூரிகளுக்குப் பயணம் செய்தன. வகுப்புக்குப் போகும் வழியில் ஒரு மாணவர் தினமும் கடந்துபோகும் முகம், பத்தாண்டு கழித்து அவருடைய புறநோயாளிப் பிரிவுக்கு வரும் இன்னொரு குழந்தையில் தெரியக்கூடும். உங்கள் மகனின் படம் செய்யக்கூடிய நன்மை அதுதான், சிறிய நன்மை இல்லை.

ஆனால் அனுமதி தருவதற்கு முன் சில விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். முதலில் உங்கள் மகனிடம் கேளுங்கள். ஏழு வயதில் அவனுக்கு விருப்பு வெறுப்பு இருக்கும். பேச முடியாவிட்டாலும், ஓவியர் எதிரே உட்காரும்போது திரும்பிக்கொள்கிறானா, எட்டிப் பார்க்கிறானா என்பதே விடை. என்ன சட்டை, கையில் என்ன பொம்மை என்பதை அவன் தேர்ந்தெடுக்கட்டும். படம் எங்கெங்கே வைக்கப்படும், இணையத்தில் போடுவார்களா, பணம் திரட்டும் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவார்களா என்பவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றுக்குச் சரி சொல்லி இன்னொன்றுக்கு மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. பின்னாளில் வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும் என்ற வரியும் அதில் இருக்கட்டும். மாற்றுத்திறனாளிகளைத் திரையில் காட்டும் முறை பற்றி 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், அவர்களைக் கலந்துகொள்ளாமல் அவர்களைப் பற்றி எதையும் உருவாக்கக் கூடாது என்ற கொள்கையைத்தான் வலியுறுத்தியது. இவற்றையெல்லாம் கேட்டபின் அந்தக் குழு முகம் சுளித்தால், வேறு யோசனை வேண்டாம், மறுத்துவிடுங்கள். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டால், முதல் அமர்வுக்கு உங்கள் மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். பேரனின் முகத்தை ஒருவர் இரண்டு மணி நேரம் கூர்ந்து பார்த்து, அக்கறையோடு வரைவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தபின் அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: அரிய நோயால் பாதிக்கப்பட்ட ஒரு சிறுமியைப் பற்றிக் குறும்படம் எடுக்கிறேன். கடைசியில் அவள் குணமாகிவிட வேண்டும் என்று தயாரிப்பாளரான நண்பர் வற்புறுத்துகிறார். படம் நம்பிக்கை தர வேண்டாமா?
– உதவி இயக்குநர், மதுரை

பதில்: 1992-இல் வந்த ‘லோரென்ஸோஸ் ஆயில்’ என்ற ஆங்கிலப் படம் உங்களுக்குப் பாடமாக இருக்கும். அட்ரினோலியூகோடிஸ்ட்ரோபி என்ற, சிறுவர்களின் மூளையின் வெண்பகுதியை அழிக்கும் நோய் தம் மகனுக்கு இருப்பதை 1984-இல் அறிந்த ஒடோனே தம்பதியர், மருத்துவப் பயிற்சி எதுவும் இல்லாமல் நூலகத்தில் உட்கார்ந்து படித்து, ஓர் எண்ணெய்க் கலவையை உருவாக்கச் செய்த உண்மைக் கதை அது. இயக்கிய ஜார்ஜ் மில்லர் மருத்துவம் படித்தவர். அந்தப் படம் வரும்வரை இந்த நோயின் பெயரை உலகம் கேட்டதில்லை. ஆனால் திரையரங்கை விட்டு வெளியே வந்தவர்கள், எண்ணெய் கொடுத்தால் பிள்ளை எழுந்துவிடும் என்று நம்பினார்கள். நோய் தாக்கத் தொடங்கிய பிறகு அதை நிறுத்தும் ஆற்றல் அந்த எண்ணெய்க்கு இல்லை. மரபணுக் குறை இருந்தும் அறிகுறி தோன்றாத சிறுவர்களுக்கு அது ஓரளவு உதவலாம் என்பதே பின்வந்த ஆய்வுகள் காட்டியது. லோரென்ஸோ 2008-இல், முப்பது வயது நிறைந்த மறுநாள் காலமானார். அந்தப் பெற்றோரின் அன்பையும் உழைப்பையும் நான் வணங்குகிறேன். ஆனாலும் அந்த எண்ணெயைத் தேடி நம்பிக்கையோடு அலைந்து வெறுங்கையோடு திரும்பிய குடும்பங்களை மறக்க முடியவில்லை.

நமக்குப் பக்கத்தில் ‘பா’ இருக்கிறது. 2009-இல் வந்த அந்த இந்திப் படத்தை இயக்கியவர் ஆர். பால்கி, ஒளிப்பதிவு பி. சி. ஸ்ரீராம், இசை இளையராஜா. முதுமை விரைந்து வரும் புரோஜீரியா நோயுள்ள பன்னிரண்டு வயதுச் சிறுவனாக அமிதாப் பச்சன் நடித்தார். பல லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் ஒரு நோயின் பெயர் இந்திய வீடுகளில் புழங்கியது அந்தப் படத்தால்தான். அதில் சிறுவன் குணமாகவில்லை, ஆனாலும் யாரும் நம்பிக்கை இழந்து வெளியே வரவில்லை. குறும்பு செய்யும், கேள்வி கேட்கும் ஒரு பையனை அவர்கள் அறிந்துகொண்டு வந்தார்கள். புரோஜீரியா உடலைத்தான் முதுமையாக்கும், அறிவுக்கு ஒரு குறையும் வராது என்ற மருத்துவ உண்மையைப் படம் சரியாகப் பிடித்துக்கொண்டது. எனக்கு ஒரே ஒரு மனக்குறை உண்டு. ஒப்பனை எத்தனை மணி நேரம் ஆனது என்று பேசியவர்கள், அந்த முகத்தோடு வாழும் பிள்ளைகளைப் பற்றி அதே அளவுக்குப் பேசவில்லை.

உங்கள் சிறுமியைக் குணமாக்காதீர்கள். அவளுக்குப் பிடித்ததையும் பிடிக்காததையும், அவளுடைய கோபத்தையும் காட்டுங்கள். சிகிச்சை உள்ள நோய் என்றால் சிகிச்சையை உள்ளபடி காட்டுங்கள். தேசிய அரிய நோய்க் கொள்கை 2021-இல் வந்தது. அதன்கீழ் அறிவிக்கப்பட்ட உயர்சிறப்பு மையங்களில் பதிவு செய்தவர்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்க வழி உண்டு. அந்தத் தொகை எந்த நோய்க்குப் போதும், எந்த நோய்க்கு ஓராண்டுக்குக்கூடக் காணாது என்பதே ஒரு முழுக் கதைக்குரிய பொருள்.

கேள்வி: ஓவியம் பார்ப்பதால் மருத்துவருக்கு உண்மையிலேயே நோயறியும் திறன் கூடுமா?
– மருத்துவ மாணவர், திருநெல்வேலி

பதில்: கூடும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தோல் மருத்துவப் பேராசிரியர் இர்வின் பிரேவர்மன், மாணவர்களைக் கலைக்கூடத்துக்கு அழைத்துச் சென்று முன்பின் அறியாத ஓவியங்களின் முன் நிறுத்தி, பொருள் சொல்லாமல் கண்ணில் படுவதை மட்டும் விவரிக்கச் சொன்னார். அந்தப் பயிற்சி பெற்றவர்கள் நோயாளிகளின் படங்களில் கூடுதலான அடையாளங்களைக் கவனித்தார்கள் என்பதை 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது. உங்கள் ஊரிலேயே நெல்லையப்பர் கோயில் இருக்கிறது. ஒரு சிற்பத்தின் முன் பத்து நிமிடம் நின்று, விரல்கள் எப்படி வளைந்திருக்கின்றன, உடலின் எடை எந்தக் காலில் ஊன்றியிருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். மறுநாள் வார்டில் ஒரு குழந்தையை அதே பொறுமையோடு பாருங்கள்.

கேள்வி: எங்கள் வில்லிசைக் குழு கோயில் கொடை விழாக்களில் பாடுகிறது. இடையிடையே விழிப்புணர்வுப் பாட்டும் பாடுவோம். குழந்தைகளின் அரிய நோய்களைப் பற்றிப் பாட ஆசை. ஆனால் குரோமோசோம், மரபணு என்று பாடினால் சனம் எழுந்து போய்விடும். என்ன செய்யலாம்?
– வில்லிசைக் கலைஞர், நாகர்கோவில்

பதில்: குரோமோசோமைப் பாட வேண்டாம் ஐயா, ஒரு பிள்ளை தரையிலிருந்து எழுவதைப் பாடுங்கள். டுஷேன் தசைச் சிதைவு என்ற நோய் சுமார் 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. மூன்று முதல் ஐந்து வயதுக்குள் அடையாளம் தெரியத் தொடங்கும். பையன் அடிக்கடி விழுவான், நுனிக்காலில் நடப்பான், மாடிப்படி ஏறச் சிணுங்குவான். கெண்டைக்கால் மட்டும் திரண்டு உருண்டிருக்கும். “எம்புள்ளை காலைப் பாத்தியா, பயில்வான் மாதிரி” என்று வீட்டில் பெருமைப்படுவார்கள். தரையில் உட்கார்ந்தவன் எழும்போதுதான் உண்மை வெளிப்படும். முதலில் கவிழ்ந்து கைகளைத் தரையில் ஊன்றுவான், பிட்டத்தை உயர்த்துவான், பிறகு ஒரு கையை முழங்காலில் வைத்து, மறு கையைத் தொடையில் வைத்து, தன் உடம்பின் மேல் தானே ஏறுவது போல மெல்ல மெல்ல நிமிர்வான். லண்டன் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் 1879-இல் இந்த எழுச்சியைப் படிப்படியாக விவரித்தார். இன்றும் அதற்கு அவர் பெயர்தான். சொல்லால் விளக்க ஒரு பக்கம் வேண்டும். உங்கள் குழுவில் ஒருவர் மேடையில் அரை நிமிடம் நடித்துக் காட்டினால் போதும், கொடைக்கு வந்த அத்தனை அம்மாமாருக்கும் விளங்கிவிடும்.

பாட்டில் இரண்டு விஷயங்கள் தவறாமல் இருக்கட்டும். ஒன்று, பழி. இந்த நோயின் மரபணு பெரும்பாலும் தாய் வழியாக வருவது என்பதால், “உன் வீட்டுச் சீக்கு” என்று மருமகளைக் குத்திக்காட்ட மாமியாருக்கு ஒரு சொல் கிடைத்துவிடும். மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு அது தாயிடம் இல்லாமலே புதிதாகத் தோன்றுகிறது. தாயிடம் இருந்தாலும் அவள் அறிந்து கொடுத்ததும் இல்லை. மாமன் மகள், அத்தை மகன் என்று நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிப்பதால் கூடுதலாக வரும் நோய்கள் வேறு வகை. தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடப்பதால் அவற்றையும் பாட வேண்டியதுதான், ஆனால் அதற்கு வேறொரு பாட்டுக் கட்டுங்கள். இரண்டையும் கலந்தால் பழி இரட்டிப்பாகும்.

மற்றொன்று, நேரம். இந்த நோயை முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனாலும் உரிய வயதில் ஸ்டீராய்டு மாத்திரையும் தசைப் பயிற்சியும் தொடங்கினால் பையன் கூடுதலான ஆண்டுகள் சொந்தக் காலில் நடப்பான். இதயத்தையும் மூச்சையும் முன்கூட்டியே கவனிக்கலாம். அடுத்த குழந்தை பற்றி யோசிக்கும் பெற்றோருக்குப் பரிசோதனை உண்டு. சாமி குத்தம் என்று பரிகாரத்துக்கு அலைந்து இரண்டு ஆண்டு போய்விட்டால், அந்த நடையில் இரண்டு ஆண்டு போகிறது.

வில்லுப்பாட்டில் முதன்மைப் பாடகர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் “ஆமா” என்று வாங்கிக்கொள்வாரே, அந்த இடம்தான் உங்கள் பலம். “புள்ளை தொடையைப் பிடிச்சு எழும்புதான்” என்று நீங்கள் பாட, அவர் “ஆமா” போடாமல், “எழும்பட்டுமே, அதிலென்ன?” என்று கேட்கட்டும். உடுக்கையும் குடமும் ஒரு நொடி நிற்கட்டும். அப்போது நடிப்பவர் தரையிலிருந்து எழுந்து காட்டட்டும். அதன் பிறகு, எந்த ஊர் மேடையோ அந்த ஊருக்கு அருகில் உள்ள அரசு மருத்துவமனையின் பெயரையும் புறநோயாளிப் பிரிவு திறக்கும் நேரத்தையும் பாட்டிலேயே வைத்துப் பாடுங்கள். பாட்டு எழுதி முடித்ததும் மேடையேற்றுவதற்கு முன் எனக்கு ஒரு படி அனுப்புங்கள், மருத்துவச் செய்திகளைச் சரிபார்த்து அந்த வாரமே திருப்பி அனுப்புகிறேன்.